மருத்துவம் படித்துக்கொண்டே குழந்தை வளர்ப்பவர்களுக்குத் துறையும் கல்லூரியும் என்ன செய்யலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவத் துறையில் இணைப் பேராசிரியராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய வழிகாட்டுதலில் தீசிஸ் (ஆய்வேடு) செய்யும் இரண்டாம் ஆண்டு பி.ஜி. (பட்டமேற்படிப்பு) மாணவி மகப்பேறு விடுப்பு முடிந்து அடுத்த மாதம் பணிக்குத் திரும்புகிறார். குழந்தைக்கு இன்னும் 5 மாதம் நிறையவில்லை. அதே துறைக்கு, இரண்டு வயதுக் குழந்தையுள்ள ஒரு ஹவுஸ் சர்ஜனும் (எம்.பி.பி.எஸ். படிப்பின் இறுதியில் ஓராண்டுப் பயிற்சியில் இருப்பவர்) போஸ்டிங்கில், அதாவது சுழற்சிப் பணியில், வர இருக்கிறார். "சலுகை கொடுத்தால் மற்ற பி.ஜி.க்கள் தலையில் சுமை விழும்" என்று யூனிட்டில் பேச்சு எழுந்துள்ளது. விதிகள் என்ன சொல்கின்றன, விதிகளுக்கு அப்பால் துறை என்ன செய்யலாம் என்பதே கேள்வி.

நான் குழந்தைகள் நல மருத்துவம் கற்பித்தவன். பல ஆண்டுகள் பி.ஜி. மாணவர்களின் டூட்டி ரோஸ்டர் (பணி அட்டவணை) போட்ட அனுபவமும் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து என் கருத்தை முதலிலேயே சொல்கிறேன். குழந்தை வளர்க்கும் மாணவருக்கு வேண்டியது வேலைக் குறைப்பு அன்று. எந்த நாள், எந்த இரவு, எத்தனை மணிக்கு என்பது முன்கூட்டியே தெரிவதும், தெரிந்தது கடைசி நேரத்தில் மாறாமல் இருப்பதும்தான் அவருக்கு முதல் தேவை. பாலூட்டும் அறை, குழந்தைக் காப்பகம், விடுப்பு ஆகிய மற்ற எல்லா உதவிகளும் இந்த ஒன்று சரியாக இருந்தால்தான் பயன்படுகின்றன. இரவு டூட்டி நாளைக்கா, நாளை மறுநாளா என்று மாலை 4 மணிக்குத் தெரியவந்தால், ஊரிலிருந்து வந்து உதவும் அம்மாவோ மாமியாரோ இருந்தும் அந்த இரவை ஒழுங்குபடுத்த முடியாது.

இந்தச் சிக்கல் ஏன் இவ்வளவு பரவலாக எழுகிறது என்பதை வயதுக் கணக்கே காட்டிவிடும். பதினெட்டு வயதில் சேர்ந்தால் நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பணியும் முடிய இருபத்து மூன்றரை. முதுநிலை நீட் தேர்வுக்கு ஓரிரு ஆண்டு படித்து எம்.டி. அல்லது எம்.எஸ். சேர்ந்தால் முடிக்கும்போது இருபத்தெட்டு, இருபத்தொன்பது. அதற்குமேல் டி.எம்., எம்.சிஎச். ஆகிய உயர்சிறப்புப் படிப்புகள் என்றால் இன்னும் மூன்று ஆண்டு. மகப்பேற்றுக்கு உடல் மிகவும் ஏற்றதாக இருக்கும் ஆண்டுகள் முழுவதும் படிப்புக்குள்ளேயே விழுகின்றன. "படிப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே" என்று அறிவுரை சொல்பவர்கள், வயது ஏற ஏறக் கருத்தரிப்பில் என்ன நேரும் என்பதைத் தங்கள் வெளிநோயாளிகளுக்கு விளக்குபவர்கள்தாம். அதே அறிவைத் தங்கள் மாணவிக்கும் அவர்கள் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது விதிகள். தேசிய மருத்துவ ஆணையம் 2023 டிசம்பரில் வெளியிட்ட பட்டமேற்படிப்பு ஒழுங்குமுறைகளின்படி, பி.ஜி. மாணவர்களுக்கு ஆண்டுக்கு 20 நாள் ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பும், பணி நெருக்கடி இல்லாத நிலையில் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வும் உண்டு. மாணவியருக்கு மகப்பேறு விடுப்பும் மாணவருக்குத் தந்தைமை விடுப்பும் "நடப்பிலுள்ள அரசு விதிகளின்படி" வழங்கப்பட வேண்டும். வருகைப்பதிவு 80 விழுக்காடு இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட நாட்களுக்கு மேல் விடுப்பு எடுத்தால் அத்தனை நாட்களுக்குப் படிப்புக் காலம் நீட்டிக்கப்படும்.

"அரசு விதி" என்ற சொல்லிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. தமிழ்நாட்டு அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். அதற்கு முன் 9 மாதமாக இருந்தது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தத்தின்படி முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அரசுப் பணியிலிருந்து ஒதுக்கீட்டில் படிக்க வந்தவர் ஒரு நிலையில் இருக்கிறார். நேரடியாகச் சேர்ந்து உதவித்தொகை பெறுபவர் இன்னொரு நிலையில் இருக்கிறார். ஆகவே உங்கள் மாணவிக்கு எந்த விதி பொருந்தும், எத்தனை நாள், அந்த நாட்களுக்கும் பின்னால் வரும் நீட்டிப்புக் காலத்துக்கும் உதவித்தொகை உண்டா என்ற மூன்றையும் டீன் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அலுவலகத்தில் வாய்வழியாகச் சொன்னதை நம்பியிருந்துவிட்டு, தேர்வு விண்ணப்பம் போடும் நேரத்தில் வேறு கணக்கைக் கேட்டு மாணவிகள் கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நீட்டிப்பின் உண்மையான பாரம் தேர்வுத் தேதியில் இருக்கிறது. 26 வாரம் நீட்டிப்பு வந்தால் தன் பேட்ச்சுடன் இறுதித் தேர்வு எழுத முடியாமல், அடுத்து வரும் தேர்வுக்குக் காத்திருக்க நேரலாம். அதனால் உயர்சிறப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வின் தகுதித் தேதியும் தவறிப்போகலாம். ஹவுஸ் சர்ஜனுக்கும் இதே நிலைதான். விடுப்பினால் விடுபட்ட நாட்களை நீட்டித்து முடிக்கும்போது, முதுநிலை நீட் தேர்வுக்கு அந்த ஆண்டு குறிக்கப்பட்ட கடைசித் தேதிக்குச் சில நாள் பிந்திவிட்டால் போவது ஒரு முழு ஆண்டு. ஆகவே விடுப்பு தொடங்கும்போதே நாட்காட்டியை வைத்துக்கொண்டு மாணவியோடு உட்கார்ந்து, எந்த நாளில் திரும்பினால் எந்தத் தேர்வுக்குத் தகுதி கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டு, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திடம் கல்லூரி வழியாக உறுதிப்படுத்திக்கொள்வது வழிகாட்டி ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. அதற்குச் செலவாவது ஒரு மணி நேரம்.

எம்.பி.பி.எஸ். மாணவர்களில் பெற்றோராக இருப்பவர்கள் குறைவு. ஆனால் அவர்கள்தாம் அதிகம் தனித்துப்போகிறார்கள். உடன் படிப்பவர்களில் ஒருவருக்குக்கூட அந்த நிலை புரியாது. அவர்களுக்கு எழுத்துப் பாடங்களில் 75 விழுக்காடும் செய்முறையில் 80 விழுக்காடும் வருகை வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுகளுக்குள் படிப்பை முடிக்க வேண்டும். இந்த ஒன்பது ஆண்டு என்ற எல்லையைப் பலர் அச்சுறுத்தலாகவே சொல்கிறார்கள். குழந்தை பிறந்த மாணவிக்கு அது ஆறுதலான செய்தி: ஓராண்டு பின்தங்கினாலும் படிப்பு கைவிட்டுப் போகாது என்பதைத்தான் அது சொல்கிறது. அவரிடம் இதை முதல் நாளே சொல்லுங்கள்.

விதிகள் போதாத இடத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவும் நீதிமன்றங்களும் பேசியிருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில், மாணவியருக்கு மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவில் தளர்வும் தர உரிய விதிகளை வகுக்கும்படி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. 2023-இல் எம்.எட். மாணவி ஒருவரின் வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம், உயர்கல்விக்கும் தாய்மைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளக் கூடாது என்ற நோக்கில் தீர்ப்பளித்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அளித்த தீர்ப்பு. பட்டமேற்படிப்பு முடித்து ஒப்பந்தப்படி அரசு மருத்துவமனையில் பணியாற்றவேண்டியிருந்த மருத்துவர் எடுத்த மகப்பேறு விடுப்பை அந்தக் கட்டாயப் பணிக்காலத்துக்குள் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று அது கூறியது. படிப்பு முடிந்து ஒப்பந்தப் பணிக்குச் செல்லும் மாணவியருக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்திருக்க வேண்டும்.

இனி, நான் முக்கியம் என்று சொன்ன டூட்டி ரோஸ்டருக்கு வருகிறேன். உறைவிட மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மிகாமல் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே வகுத்தது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மிகக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, அன்றாடம் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் என்று பரிந்துரைத்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவே நம் நடைமுறையைச் சொல்லிவிடுகிறது. யூனிட்டில் புதிய நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் டே அன்று காலை 8 மணிக்கு வந்த பி.ஜி., இரவு முழுவதும் வார்டிலும் அவசரப் பிரிவிலும் இருந்து, மறுநாள் ரவுண்ட்ஸ், ஓ.பி. எல்லாம் முடித்துப் பிற்பகல் வீடு திரும்பும்போது 30 மணி நேரம் ஆகியிருக்கும். பாலூட்டும் தாயின் உடலுக்கு 30 மணி நேரம் என்பது களைப்போடு நிற்பதில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

துறை செய்யக்கூடியது இது. அடுத்த மாத ரோஸ்டரை நடப்பு மாதம் 20-ஆம் தேதிக்குள் ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய பிறகு மாற்றம் வேண்டுமென்றால் சம்பந்தப்பட்ட இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். உதவிப் பேராசிரியர் தன் வசதிக்கு மாற்றக் கூடாது. திரும்பிவரும் மாணவிக்கு முதல் இரண்டு மூன்று மாதம் இரவு டூட்டிகளை ஒரே கிழமையில் நிலையாக வைத்துவிடலாம். செவ்வாய் இரவு என்றால் எப்போதும் செவ்வாய் இரவுதான் என்றிருந்தால் வீட்டில் பாட்டியும் கணவரும் அந்த இரவைச் சுற்றித் தங்கள் வேலையை அமைத்துக்கொள்வார்கள். இரவு டூட்டி குறைவான போஸ்டிங் எதுவோ அதைத் திரும்பிய முதல் மாதங்களுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற கடும் போஸ்டிங்கைக் குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகும் போடலாம். மூன்று ஆண்டில் அவர் பார்க்கவேண்டியது எதுவும் குறையாது. வரிசை மட்டும் மாறும்.

உடன் பணியாற்றும் பி.ஜி.க்களின் மனக்குறையை நீங்கள் குறிப்பிட்டீர்கள். அதை நான் அற்பமாக எண்ணவில்லை, அது நியாயமானதுதான். ஒருவர் ஆறு மாதம் இல்லையென்றால், ஆறு பேர் பங்கிட்ட இரவுகளை ஐந்து பேர் பங்கிடுகிறார்கள். அந்தச் சுமையைக் கல்லூரி ஏற்காமல், "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடும்போது கோபம் நிர்வாகத்தின் மீது போகாமல் தாயின் மீது திரும்புகிறது. இதற்கு இரண்டு வழிகளைப் பரிந்துரைக்கிறேன். விடுப்பு தொடங்கும் தேதி பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அந்தக் காலத்துக்கு மட்டும் ஒரு மருத்துவரைத் தற்காலிகமாக நியமிக்கும்படி துறைத்தலைவர் அப்போதே டீனுக்கு எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் கிடைக்காது. ஆனால் எழுதாத துறைக்கு ஒருபோதும் கிடைக்காது. இரண்டாவது, இரவு டூட்டிகளின் கணக்கை மாதத்துக்கு மாதம் பார்க்காமல் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து வைத்து, எல்லோரும் பார்க்கும்படி சுவரில் தொங்கவிடுவது. இப்போது ஒருவருக்காக எட்டு இரவு அதிகம் பார்த்தவருக்குப் பின்னால், அவருடைய தேர்வுக்கு முன்போ திருமணத்தின்போதோ, அந்த எட்டு இரவு திரும்பக் கிடைக்கும் என்பது தெரிந்தால் முணுமுணுப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. உடைந்த காலோடு வந்தவருக்கும், தந்தையின் மரணத்தால் ஊருக்குப் போனவருக்கும் இதே கணக்கு பொருந்தும். அப்போது இது தாய்க்குத் தரும் சலுகையாகத் தோன்றாமல், துறையின் பொது ஒழுங்காகத் தோன்றும்.

அடுத்தது பால். உலக சுகாதார நிறுவனம் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் துணை உணவோடு 2 ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்கிறது. இதையே நாமும் வார்டில் ஒவ்வொரு தாய்க்கும் சொல்லிக்கொடுக்கிறோம். பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்துவிட்டால் 26 வாரத்தில் மிஞ்சுவது 18 வாரம். ஆகவே நாலு மாதம் கடந்த குழந்தையை விட்டுவிட்டு மாணவி திரும்புகிறார். தாய்ப்பால் மட்டும் கொடுக்கவேண்டிய காலம் இன்னும் முடியவில்லை. இந்த வயதில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பாலைப் பீய்ச்சி எடுக்காவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும். வலியும் காய்ச்சலும் வரலாம். சில நாட்களில் சுரப்பே குறைந்துவிடும். ஒரு முறை எடுக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஓ.பி. நேரத்தில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் அந்த நேரம் அவருக்கு உரியது என்பதை யூனிட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆண் பேராசிரியர் முன்னால் நின்று காரணம் சொல்லி அனுமதி கேட்கும் நிலை அவருக்கு வரக் கூடாது.

இடம் தேட வேண்டியதில்லை. பச்சிளங் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுள்ள எந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெரும்பாலும் தாய்மார்கள் பால் எடுக்க ஓர் அறை இருக்கும். தாய்ப்பால் வங்கியுள்ள இடங்களில் பம்ப், குளிர்பதனப் பெட்டி, பயிற்சி பெற்ற செவிலியர் எல்லாமே இருப்பார்கள். அந்த அறையை மாணவிகளும் பயன்படுத்தலாம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். எடுத்த பாலைச் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாளும் வைக்கலாம். நம் ஊர்க் கோடையில் ஐஸ் பேக் வைத்த பையிலேயே வீட்டுக்கு எடுத்துச் செல்வது நல்லது. தமிழ்நாட்டில் 2015 முதல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மாணவி கழிப்பறையில் நின்று பால் எடுக்கும் நிலையை இனி எந்தக் கல்லூரியும் ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது.

தேர்வு நாளும் இதில் அடங்கும். அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவ மாணவி சோஃபி கரியர் 2007-இல், உரிமத் தேர்வின்போது பால் எடுக்கக் கூடுதல் இடைவேளை கேட்டு, தேர்வு வாரியம் மறுத்ததால் நீதிமன்றம் சென்று அந்த இடைவேளையைப் பெற்றார். நம்மிடம் வழக்கு தேவைப்படக் கூடாது. முதுநிலை செய்முறைத் தேர்வு காலையில் தொடங்கி மாலை வரை நீளும். கேஸ் முடிந்து வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) காத்திருக்கும் நேரத்தில் அரைமணி நேரம் அவரை விடுவிக்கும்படி வெளித்தேர்வாளரிடம் துறைத்தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். மறுக்கும் தேர்வாளர் அரிது.

குழந்தைக் காப்பகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை அங்கே சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்பது 2017 திருத்தத்தில் வந்தது. இப்போது அது 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் இருக்கிறது. மாணவி இதில் "ஊழியர்" ஆவாரா என்பது வாதத்துக்குரியது. ஆனால் செவிலியருக்காகவும் அலுவலர்களுக்காகவும் காப்பகம் நடத்தும் மருத்துவமனை, இரவுபகலாக அதே வார்டில் நிற்கும் பி.ஜி.யின் குழந்தையைச் சேர்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காப்பகம் காலை 8 முதல் மாலை 5 வரை மட்டும் இயங்கினால் அது அலுவலகப் பணியாளருக்கு உதவும். டூட்டி மருத்துவருக்குப் பாதிதான் உதவும். மூன்று ஷிப்டில் பணியாற்றும் செவிலியர்களுக்கும் இதே குறை இருப்பதால், அவர்களோடு சேர்ந்து கேட்பது வலுவான கோரிக்கையாக இருக்கும்.

உண்மையில் நம் ஊரில் காப்பகமாக இருப்பது பாட்டிதான். ஊரையும் தன் கணவரையும் விட்டுவிட்டு, கல்லூரிக்கு அருகில் எடுத்த வாடகை வீட்டில் பேரக் குழந்தையோடு இருக்கும் அம்மாக்களால்தான் பல எம்.டி. பட்டங்கள் கிடைத்திருக்கின்றன. அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டுமென்றால் மாணவி விடுதிக்கு வெளியே வசிக்கலாம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். கல்லூரி தங்குமிடம் தருவது கட்டாயம், ஆனால் பி.ஜி. மாணவர் விடுதியில் தங்குவது கட்டாயமில்லை என்று 2023 ஒழுங்குமுறை சொல்கிறது. வளாகத்தில் காலியாகக் கிடக்கும் குடியிருப்புகளில் ஒன்றிரண்டைக் குழந்தையுள்ள மாணவருக்கு ஒதுக்கினால் இரவு டூட்டியின் இடையில்கூட ஒரு முறை போய்வர முடியும். இன்னும் கலந்தாய்வுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: பட்டமேற்படிப்பில் சேர்ந்த பிறகு கல்லூரி மாற வழியில்லை. தரவரிசையில் இரண்டு படி கீழே இருந்தாலும், குழந்தையைப் பார்க்க ஆள் இருக்கும் ஊரிலுள்ள கல்லூரி பல நேரங்களில் நல்ல தேர்வு.

பி.ஜி. மாணவர்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றும் மூன்று மாத மாவட்ட உறைவிடப் பயிற்சியும் இதே வகையில் உதவும். மூன்று முதல் ஐந்தாம் பருவம் (செமஸ்டர்) வரை எப்போது வேண்டுமானாலும் அதை முடிக்கலாம் என்பதால், பாட்டி வீடு இருக்கும் மாவட்டத்தின் தலைமை மருத்துவமனைக்கு, குழந்தை மிகச் சிறியதாக இருக்கும் பருவத்தில் அனுப்பலாமா என்று முயன்று பாருங்கள். அதேபோல ஆராய்ச்சி முறையியல் படிப்பு இணையவழியில் நடப்பதால், முதலாண்டில் கர்ப்பமாக இருப்பவர் அதை விடுப்புக்கு முன்பே முடித்துவிடலாம். தீசிஸ் இறுதித் தேர்வுக்கு 6 மாதம் முன்பே சமர்ப்பிக்கப்பட வேண்டும். உங்கள் மாணவிக்கு நீங்களே வழிகாட்டி என்பதால், விடுப்பில் இருக்கும்போது நோயாளிகளைச் சேர்க்கும் பணி நின்றுபோனதா, இணை வழிகாட்டி தொடர்ந்தாரா என்பதை முதல் வாரத்திலேயே பார்த்து, மாதிரி அளவை எட்ட எத்தனை மாதம் தேவை என்று எழுதிவையுங்கள்.

கர்ப்ப காலத்தைப் பற்றிக் கேள்வியில் இல்லை. ஆயினும் அடுத்து வரும் மாணவிக்குத் தேவைப்படும். கதிர்வீச்சுப் பகுதியில் பணியாற்றுபவர் கர்ப்பத்தைத் தெரிவித்தபின் கருவுக்குச் சேரும் கதிரளவு 1 மில்லிசீவர்ட்டுக்கு மிகக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. புற்றுநோய் மருந்து கலக்கும் இடம், வாயு மயக்க மருந்து வெளியேறும் வசதி சரியாக இல்லாத அறுவை அரங்கம் ஆகியவற்றுக்கும் கவனம் தேவை. சின்னம்மை, ரூபெல்லா எதிர்ப்பாற்றல் உண்டா என்பதை முதலாண்டிலேயே எல்லோருக்கும் பரிசோதித்துவிட்டால், பின்னால் யாரும் தன் கர்ப்பத்தை அவசரமாக வெளியிட நேராது. அப்படித் தெரிவிக்கும் மாணவியின் செய்தி துறைத்தலைவரைத் தாண்டிப் போகக் கூடாது.

திரும்பிய பிறகு முதல் இரண்டு வாரம் அவரைத் தனியாக இரவு டூட்டியில் நிறுத்தாதீர்கள். ஆறு மாத இடைவெளியில் கை மறக்கும், மருந்தளவு மறக்கும், அது இயல்பு. பிரிட்டனில் நீண்ட விடுப்பிலிருந்து திரும்பும் பயிற்சி மருத்துவருக்கு மேற்பார்வையுடன் கூடிய தொடக்க நாட்கள் ஏற்பாடாகவே இருக்கின்றன. விரும்பினால் பகுதிநேரமாகப் பயின்று, அதற்கேற்பக் காலத்தை நீட்டித்துக்கொள்ளவும் அங்கே முடியும். நம் விதியில் பகுதிநேரப் பயிற்சி இல்லை. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மேற்பார்வை நாட்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், மூத்த பி.ஜி. ஒருவரைக் கூட நிறுத்தினால் போதும்.

மனநிலையைக் கவனியுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு முதல் ஆண்டு முழுவதும் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். தூக்கமின்மை அதைக் கூட்டும். மருத்துவரே நோயாளியாகும்போது "களைப்புதான்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். இந்த மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் மகப்பேறு ஓ.பி.யில் பயன்படுவதுதான்; உங்கள் துறைப் பெண் ஆசிரியர் ஒருவர் திரும்பிய மாணவியிடம் தனியாக அதைக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். சொந்தக் கல்லூரி மனநலத் துறைக்குப் போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தந்தையாகும் மாணவர்களை மறந்துவிடுகிறோம். மத்திய அரசு ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள், பி.ஜி. மாணவருக்கும் அரசு விதிப்படி உண்டு என்று ஒழுங்குமுறை சொன்னாலும், கேட்க வெட்கப்பட்டு இரண்டு நாள் தற்செயல் விடுப்போடு திரும்பிவிடுகிறார்கள். மனைவியும் வேறு கல்லூரியில் பி.ஜி.யாக இருக்கும் வீடுகள் இப்போது நிறைய. ஆண் மாணவரின் ரோஸ்டரில் நாம் ஓர் இரவை மாற்றிக்கொடுத்தால், வேறொரு கல்லூரியில் ஒரு மாணவி தன் டூட்டியை நிம்மதியாகப் பார்க்கிறார். அவரிடம் நீங்களாகவே "விடுப்பு எழுதிக்கொடுத்தாயா?" என்று கேளுங்கள்.

உங்கள் ஹவுஸ் சர்ஜனைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பால் அல்ல, காய்ச்சல்தான் சிக்கல். திடீரென்று ஒரு காலை குழந்தைக்கு 102 டிகிரி இருந்தால் யாரை அழைப்பது, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், அந்த டூட்டியை யார் எடுப்பார், அதை எந்த நாளில் அவர் ஈடுசெய்வார் என்ற நான்கையும் போஸ்டிங்கின் முதல் நாளிலேயே அவரோடும் அவருடைய இணை ஹவுஸ் சர்ஜனோடும் பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் பி.ஜி. மாணவியிடம் அதற்கும் முன்பே பேசலாம். அவர் சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அவருக்கு வரப்போகும் மாதத்தின் ரோஸ்டரை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.